இருபது வீட்டுக்கு ஒரு அலாரம்

எங்கள் கட்டிடத்தில் ஐந்து மாடி, மாடிக்கு நான்கு வீடு. வருமானம் குறைந்தவர்களுக்கென்று வீட்டு வசதி அலுவலகம் கட்டி வாடகைக்கு விட்டது. இருபது வீட்டுக் கூரையிலும் புகை அலாரம் மாட்டுவதற்கு ஒரு வளையம் இருந்தது. வேலை செய்கிற அலாரம் இருந்தது ஒரே ஒரு வீட்டில்தான். அதையும் அங்கிருந்து கழற்றிக்கொண்டு வந்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையெல்லாம் கேட்டுவிட்டு "அடிப்பாவி, நீதானா" என்று யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம்.

என்னை இங்கே எல்லோரும் செக்ரட்டரி என்பார்கள். குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர். சம்பளம் கிடையாது, ஏச்சு உண்டு. தண்ணீர் வரவில்லை என்றாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள், மாடிப்படி விளக்கு எரியவில்லை என்றாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மற்றவர்கள் அழுக்கை வெளுத்துவிட்டு வந்து, மிச்ச நேரத்தில் இவர்கள் பஞ்சாயத்தைத் தீர்த்துக்கொண்டிருந்தேன். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அலாரங்கள் அலுவலகம் மாட்டியவைதான். ஆறு வருடத்தில் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கின. சும்மாவும் சாகாது, நிமிடத்துக்கு ஒரு தரம் கீச்சென்று கத்தி உயிரை வாங்கிவிட்டுத்தான் சாகும். ஜனங்கள் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கழற்றி எறிந்தார்கள். மாற்றிக் கொடுங்கள் என்று மூன்று கடிதம் எழுதினேன். நாலாம் மாடியில் தையல்காரி வீட்டுச் சுவிட்ச் போர்டு கருகிக்கொண்டு வருகிறது என்பதையும் அதிலேயே எழுதினேன். பதிலுக்கு வந்தது நோட்டீஸ். அலாரத்தைப் பராமரிப்பது குடியிருப்பவர் பொறுப்பு, புதன்கிழமை ஆய்வு, அலாரம் இல்லாத வீட்டின் வாடகை ஒப்பந்தம் மறுபரிசீலனை செய்யப்படும். மறுபரிசீலனை என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். பக்கத்துக் கட்டிடத்தில் ஒரு குடும்பத்தை அப்படித்தான் பரிசீலித்துக் கட்டில் பீரோவோடு தெருவில் நிறுத்தினார்கள்.

கூட்டம் போட்டேன். ஆய்வுக்கு இன்னும் இரண்டே நாள். புது அலாரம் வாங்க எவருக்கும் வக்கில்லை. அப்போதுதான் தையல்காரி, "எங்க வீட்ல ஒண்ணு இருக்குக்கா" என்றாள்.

அவள் எனக்கு நேர் கீழ் வீடு. பகல் முழுக்க ரெடிமேட் கம்பெனியில் சட்டைக் காலர் தைப்பவள். புருஷன் ஒரு குடோனில் ராத்திரிக் காவல். காலையில் வந்து படுத்தால் சாயங்காலம் வரை கும்பகர்ணன். அதனால் அவள் மட்டும் கையைக் கடித்தாலும் பரவாயில்லை என்று ஒரு அலாரம் வாங்கி மாட்டியிருந்தாள். எந்த இடத்தில் அமுக்கினால் சத்தம் நிற்கும் என்று புருஷனுக்குத் தெரிய வேண்டுமே, பொத்தானில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருந்தாள்.

"இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாருக்கா. இது கத்தினா மட்டும் எழுந்திருவார். ஒருநாள் மிளகாய் வறுத்தேன், இது கத்திச்சு. போர்வையைச் சுத்திக்கிட்டு ரெண்டாம் மாடி வரைக்கும் ஓடிட்டார்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் புருஷனும் சிரித்தார். "ஊருக்கே நம்ம அலாரம்தான், எடுத்துக்கிட்டுப் போங்கக்கா" என்றார்.

திட்டம் என்னுடையது. ஆய்வாளர் எல்லா வீட்டையும் பார்ப்பதில்லை, மாடிக்கு இரண்டு வீடு மாதிரிக்குப் பார்ப்பார். கூட்டிக்கொண்டு போய்க் காட்டுபவள் நான். கட்டிடத்துக்கு முன்னால் ஒரு படி, பின்னால் ஒரு படி. ஒரு வீட்டில் அவர் அலாரத்தை அமுக்கிப் பார்த்ததும், குழாய் ஒழுகுது பாருங்க, சுவர் ஊறுது பாருங்க என்று நான் அவரை உள்ளறைக்கு இழுத்துப் போக வேண்டும். அதற்குள் இரண்டாம் மாடியில் இருக்கிற ரிடையர்டு கண்டக்டர் அதைக் கழற்றித் துணிப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டில் மாட்டிவிடுவார்.

புதன்கிழமை எல்லாம் கச்சிதமாக நடந்தது. கண்டக்டருக்கு ஒரே குஷி. அலாரத்தைக் கழற்ற வரும்போதெல்லாம் என் காதருகே, "அடுத்த ஸ்டாப் மூணாம் மாடி, ஏறுறவங்க ஏறலாம்" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான்கு மாடி, எட்டு வீடு. எட்டாவது தையல்காரியின் வீடு. எட்டிலும் ஆய்வாளர் அதே சிவப்புப் பொட்டை அமுக்கினார், எட்டிலும் அது வீறிட்டது. கடைசியில் அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு, "அஞ்சாம் மாடியை நாளைக்குப் பாத்துக்கறேன்மா. மத்தியானத்துக்குள்ள வர்றேன்" என்றார். எட்டு வீட்டு விவரத்துக்குக் கீழே சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். ஐந்தாம் மாடியில் நாளைக்கு முதலில் காட்ட வேண்டியது என் வீடு. அலாரத்தை என் கூரையில் மாட்டினேன்.

சாயங்காலம் தையல்காரி வந்து நின்றாள்.

"அக்கா, அலாரம்?"

"நாளைக்கு அஞ்சாம் மாடிக்கு வர்றாரும்மா. ஒரு நாள்தானே. மத்தியானம் நானே கொண்டாந்து மாட்டிடறேன்."

அவள் வாசலிலிருந்தே எட்டிக் கூரையைப் பார்த்தாள். "சரிக்கா, மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்பார்கள். அடுத்தவள் பொருளில் தாராளம் காட்டுவதில் நான் அந்த ரகம்தான்.

மறுநாள் பன்னிரண்டு மணி வரை ஆய்வாளர் வரவில்லை. எனக்கு மத்தியான ஷிஃப்ட். நான் மறக்கவில்லை, அதையாவது நம்புங்கள். நாற்காலி போட்டு ஏறி அலாரத்தில் கைகூட வைத்துவிட்டேன். கீழ்வீட்டில் அந்த மனுஷன் அசந்து தூங்கிக்கொண்டிருப்பார், கதவைத் தட்டி எழுப்புவானேன், சாயங்காலம் கொடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. இறங்கினேன். கதவைப் பூட்டினேன். போன வருடம்தான் திருட்டுப் பயத்தில் இரட்டைப் பூட்டுப் போட்டிருந்தேன், இரண்டையும் பூட்டிவிட்டுப் போனேன்.

இரண்டு மணிவாக்கில் தையல்காரி வீட்டுச் சுவிட்ச் போர்டு பற்றிக்கொண்டது. புகை அறையை நிறைத்து, ஜன்னல் வழியே ஏறி என் சமையலறை ஜன்னலுக்குள் புகுந்தது. என் கூரையில் இருந்த அலாரம் கத்தியது. கட்டிடமே கேட்கும்படி கத்தியதாம். வேலை தெரிந்த பொருள், தன் வேலையைச் செய்தது. கான்கிரீட்டுக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்தவருக்கு அது கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும், யார் வீட்டிலோ என்று புரண்டு படுத்திருப்பார்.

கண்டக்டரும் இன்னும் மூன்று பேரும் ஓடி வந்தார்கள். எங்கே? என் வீட்டுக்கு. செக்ரட்டரி வீட்டில் தீ, செக்ரட்டரி வீட்டில் தீ என்று கடப்பாரையைக் கொண்டுவந்து என் இரட்டைப் பூட்டை உடைத்தார்கள். பத்து நிமிடம் பிடித்ததாம். உள்ளே போனால் தீயே இல்லை, புகை மட்டும். ஜன்னலை எட்டிப் பார்த்த பிறகுதான் அது கீழிருந்து வருகிறது என்று தெரிந்திருக்கிறது. இறங்கிப் போய் நாலாம் மாடிக் கதவை ஒரே உதையில் திறந்துவிட்டார்கள். அதில் ஒற்றைத் தாழ்ப்பாள்தான். அவர் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். உடம்பில் ஒரு ரோமம்கூடக் கருகவில்லை. புகையிலேயே போய்விட்டார்.

மூன்றாவது வாரம் தையல்காரிக்கு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. என்னிடம்தான் கொண்டுவந்தாள், அலுவலகத் தமிழ் அவளுக்குப் புரியாது. ஆய்வு நாளன்று அந்த வீட்டில் அலாரம் வேலை செய்தது. மறுநாள் விபத்தின்போது அலாரம் இல்லை. ஆகவே குடியிருந்தவர்களே கழற்றியிருக்கிறார்கள். ஆகவே இழப்பீடு இல்லை. ஒப்பந்தத்தை மீறியதால் பதினைந்து நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இணைப்பு, ஆய்வறிக்கை. சாட்சி, சங்கச் செயலாளர். என் கையெழுத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னக்கா போட்டிருக்கு?" என்றாள்.

படித்துக் காட்டினேன். புருஷனைக் கொன்ற பழி அவள் தலையில், குடியிருக்கும் வீடும் கையை விட்டுப் போகிறது. நான் சரிபண்றேம்மா என்றேன். எந்த வாயால் சொன்னேன் என்று தெரியவில்லை.

அலுவலகத்தில் ஆய்வாளரைப் பிடித்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். எட்டு வீட்டிலும் அமுக்கினது ஒரே அலாரம்தான் சார் என்றேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியும்மா. சிவப்புப் பொட்டு. ரெண்டாம் மாடியிலயே பாத்துட்டேன்."

"பாத்துட்டுமா எல்லாம் சரின்னு எழுதினீங்க?"

"நீங்க எல்லாரும் அவ்வளவு ஆசையா ஓடிக்கிட்டு இருந்தீங்க. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன். எனக்கும் அன்னிக்கு இன்னும் ரெண்டு கட்டிடம் பாக்கி இருந்துச்சு."

"இல்லைன்னு எழுதியிருந்தா எங்களைக் காலி பண்ணியிருப்பீங்களா?"

அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார். "ஒண்ணு ரெண்டு வீட்ல இல்லைன்னா அது குடியிருக்கறவங்க தப்பு. பாத்ததுல பாதிக்கு மேல இல்லைன்னா அது கட்டிடத்தோட குறை. யாரையும் காலி பண்ண முடியாது. ஒரே வாரத்துல ஆபீசே எல்லா வீட்டுக்கும் புதுசா மாட்டிக் குடுக்கணும். வயரிங்கையும் பாக்கணும்."

"இதை ஏன் சார் எங்களுக்குச் சொல்லல?"

"நீங்க கேக்கலையேம்மா."

எனக்கு அந்த மேசையைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. நாங்கள் ஒழுங்காகத் தோற்றிருந்தால் போதும், தையல்காரியின் புருஷன் இன்றைக்கு உயிரோடு குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். அத்தனை மாடி ஏறி இறங்கி, என் புத்திசாலித்தனத்தையெல்லாம் கொட்டி, எங்களை ஜெயிக்க வைத்தவள் நான்.

"எட்டு வீட்டுக்காரங்களும் கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுத்தா மேல அனுப்பறேன். நீங்க ஒருத்தர் மட்டும் சொன்னா பைத்தியம்னு தூக்கிப் போட்டுடுவாங்க" என்றார்.

அன்றே எழுதினேன். என் வீட்டுக்காரர் படித்துப் பார்த்தார். "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதைதான். பொய்ச் சாட்சின்னு நம்மளையும் தூக்கி வெளிய போட்டா எங்க போவே?" என்றார். தெரியாது என்றேன். என் பெயரை முதலில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அலாரம் போன அதே வரிசையில் நானும் போனேன். முதல் மாடியில் ஒருவர் மூக்குக் கண்ணாடி இல்லை என்றார், மூக்கில் கண்ணாடி இருந்தது. ஒருத்தி, அவரைக் கேக்கணும்க்கா என்றாள். உள்ளே அவர் இருமினார். மூன்றாம் மாடியில், "செத்தவர் திரும்பி வரப்போறாரா? இருக்கற எங்களையும் ஏன் தெருவுக்கு இழுக்கறீங்க" என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவர்களுக்குப் பயத்தைச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

கண்டக்டர் கதவைத் திறந்தார். அந்த மூன்று வாரத்தில் பத்து வயது கூடியிருந்தது அவருக்கு. காகிதத்தை வாங்கி முழுதும் படித்தார், மடித்தார், திருப்பிக் கொடுத்தார்.

"நான் டிக்கெட்டுதான் கிழிச்சேன் செக்ரட்டரி. வண்டியை ஓட்டினது நீங்க."

ஏழு வீட்டில் ஒரு கையெழுத்தும் கிடைக்கவில்லை. என் ஒற்றைக் கையெழுத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கித் தேதி முத்திரை குத்தினார்கள். பைத்தியம் என்று யாரும் சொல்லவில்லை. இன்றுவரை எதுவுமே சொல்லவில்லை.

வீட்டைக் காலி செய்யக் கொடுத்த கெடுவில் பதினான்காம் நாள், அலாரத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு நாலாம் மாடிக்கு இறங்கினேன். ஒரே ஒரு மாடி, பதினெட்டுப் படி. அன்றைக்கு இறங்காத அந்தப் பதினெட்டுப் படியை இப்போது எண்ணிக்கொண்டே இறங்கினேன். தையல்காரி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். கம்பெனிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் இடம் கிடைத்திருப்பதாகச் சொன்னாள். சுவரெல்லாம் கரி. தையல் மெஷினை மட்டும் நன்றாகத் துடைத்து வைத்திருந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஆய்வாளர் சொன்ன விதி, சிவப்புப் பொட்டு, ஏழு கதவு, நாற்காலியில் ஏறிவிட்டு இறங்கியது, எதையும் விடவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். அறைந்திருந்தால்கூட நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

அவள் அலாரத்தை வாங்கி, அதில் படிந்திருந்த புகைக்கரியை முந்தானையால் துடைத்தாள். பொட்டு தெரிந்தது. கட்டைவிரலை அதன் மேல் வைத்தாள், அமுக்கவில்லை. துணிகளுக்கு நடுவில் அதை வைத்து மூட்டையை முடிச்சுப் போட்டாள்.

"நீங்க கெட்டவங்க இல்லக்கா" என்றாள், என்னைப் பார்க்காமல். "கெட்டவங்களா இருந்திருந்தா நான் குடுத்திருக்கவே மாட்டேன்."