கோழிக்கடைக்கு மேலே ஓர் அறை

குடியிருக்கும் கட்டடத்துக்குப் பொய்ப்பெயர் வைக்கும் இனம் மூன்று தலைமுறையில் அழிந்துபோகும். இதை யதுசன் உலகுக்கு அறிவித்தது வால்தம்ஸ்டோவில், கோழிக்கடைக்கு மேலே நாங்கள் வாடகைக்கு இருந்த ஃபிளாட்டின் சமையலறையில். அவன் காலடியால் ஓர் எலி நடந்து போனது. அவசரமில்லாமல்.

மூன்றாவது அறையில் இருந்த சின்யி தன் சொந்த ஊரான தாய்பெய்க்குத் திரும்பவிருந்தாள். பெற்றோர் அங்கே வாங்கிய அடுக்குமாடியைப் போனில் காட்டினாள். பெயர் 'வின்ட்சர் பேரரசர் கோட்டை'. ஒரு பக்கம் மேம்பாலம், மறுபக்கம் பன்றித்தீவன ஆலை.

"முன்னுக்கு இருக்கிற கட்டடம்?" என்றான் யதுசன்.

"தேம்ஸ் அரண்மனை. அங்கே எல்லாம் இப்படித்தான். பெயர் சின்னதென்றால் யாரும் வாங்கமாட்டார்கள்."

"இங்கே ஓடுகிற தேம்ஸ் அங்கே எங்கே?"

அவள் படத்தில் ஒரு சாக்கடையைப் பெரிதாக்கினாள்.

யதுசன் குமட்டுவதுபோல் காட்டி என் பக்கம் திரும்பினான். "சீ! எனக்குச் சத்தி வருது மச்சான்."

சின்யி போனதும் வீட்டுக்காரர் சண்முகராசா அண்ணை வந்தார். "ஞாயிறுக்குள்ள மூண்டாவது ஆளைப் பிடியுங்கோ. இல்லாட்டி ரெண்டு பேரும் வெளிக்கிடுங்கோ." வெளிக்கிட்டால் யதுசனுக்கு ஸ்ட்ரெதமில் பெற்றோரின் சோபாதான். அவனுடைய பழைய அறையில் இப்போது சாமிகள் இருக்கின்றன.

விளம்பரத்தை அவனே எழுதினான்: 'கோழிக்கடைக்கு மேல் அறை. எண்ணெய் மணம் தலைமயிரில் ஒட்டும். குளியலறையில் கறுப்புப் பூஞ்சை. எலி உண்டு.'

"டேய், எலியையாவது எடுத்துவிடு."

"உண்மையை மறைக்க ஏலாது."

ஒரே ஒருவன் வந்தான். பாதிப் படியில் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனான்.

சனிக்கிழமை காலை அண்ணை ஒரு குடும்பத்தைக் கூட்டிவந்து ஃபிளாட்டைக் காட்டினார். குடும்பத்துப் பெண் யதுசனின் கட்டிலில் உட்கார்ந்து அமுக்கிப் பார்த்தார். "இந்த அறைக்குள்ள மாமியை விடலாம்."

பின்னேரம் யதுசன் கீழே இறங்கினான். ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். வாசல் கதவில் படிந்திருந்த கோழிக்கொழுப்பைச் சட்டைக் கையால் துடைத்தான். தங்க எழுத்து ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாக ஒட்டி நகத்தால் அழுத்தினான்: 'கென்சிங்டன் இம்பீரியல் கோர்ட்'. பிறகு விளம்பரத்துக்குப் படமெடுக்கப் போனை உயர்த்தி, குப்பைத்தொட்டி அதில் விழாதபடி கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து நின்றான்.