நூற்றுப் பதினெட்டாவது பாவாடை

1749ஆம் வருடம் அக்டோபர் மாதம், அர்வன் பள்ளத்தாக்குக் கோட்டையின் முற்றத்தில், ஆறு சிப்பாய்கள் மூன்று பகல் பாடுபட்டு ஃபெரகர் என்ற மாட்டுக்காரனின் இடுப்பிலிருந்து நூற்றுப் பதினேழு பாவாடைகளை உரித்தார்கள். நூற்றுப் பதினெட்டாவது அவன் இடுப்பில் இருந்தது. அந்த வாரம் காற்று வடக்கிலிருந்து வீசியது, ஓட்ஸ் மாவு விலை ஏறியிருந்தது. நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம். கோட்டை வாசலில் நின்று பார்த்தவர்கள் எங்களில் முப்பது பேருக்கு மேல்.

பாவாடை என்பது நாங்கள் வைத்த பெயரில்லை. எங்களுக்கு அது துணி, அவ்வளவுதான். ஐந்து கெஜம் கம்பளி. தரையில் விரித்து, மடிப்பு மடிப்பாகச் சேர்த்து, அதன்மேல் படுத்து, இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு எழுந்தால் கீழ்ப்பாதி முழங்கால்வரை தொங்கும், மேல்பாதி தோளில் கிடக்கும். படுக்கும்போது வாரை அவிழ்த்தால் அதுவே போர்வை. மலைமேல் மழை பிடித்துக்கொண்டால் அதுவே வீடு. தெற்கே லண்டனிலிருந்து வந்த சிப்பாய்கள்தான் எங்களைப் பார்த்துவிட்டு, "ஆம்பளைங்க எல்லாம் பாவாடை கட்டிக்கிட்டு அலையுறானுங்கடா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர்கள். துப்பாக்கிக் கத்தியின் முனையால் அதைத் தூக்கிப் பார்ப்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கு. சந்தையில் தூக்குவார்கள், கோயில் வாசலில் தூக்குவார்கள், பெண்டாட்டி பிள்ளைகள் முன்னால் தூக்குவார்கள். அவர்கள் வைத்த பெயரையே நானும் எழுதுகிறேன். அந்த அசிங்கம் அவர்களோடே போகட்டும்.

லண்டனில் இருக்கிற ராஜாவுக்கு எதிராகக் கலகம் செய்தவர்கள் வேறு மலைக்காரர்கள். எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து சண்டைக்குப் போனவர்கள் பதினோரு பேர், பதினோரு பேரும் ராஜா பக்கம். அதற்குக் கிடைத்த பரிசுதான் இந்தச் சட்டம். மலைநாட்டில் எந்த ஆணும் பாவாடை கட்டக் கூடாது. முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதம் சிறை. இரண்டாம் தடவை பிடிபட்டால் ஏழு வருடத்துக்குக் கடல் தாண்டிய தோட்டங்களில் கூலி வேலை. ஆனால் ராஜாவின் பட்டாளத்தில் சேர்ந்தவன் மட்டும் தாராளமாகக் கட்டிக்கொள்ளலாம். அதாவது, ராஜாவுக்காகச் சாகப் போகும்போது கட்டலாம், சொந்த மாட்டை மேய்க்கப் போகும்போது கட்டக் கூடாது. என்ன நியாயம் இது என்று கேட்க ஆளில்லை. சட்டக் காகிதத்தைக் கோயிலில் படித்துக் காட்டிய பாதிரியார் கில்லிஸ் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

கோட்டையிலிருந்து ஆளுக்கொரு கால்சட்டை கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு ஏழு தடவை ஆற்றில் இறங்கி ஏறுகிறவர்கள் நாங்கள். அதைப் போட்டுக்கொண்டு இறங்கினால் சாயங்காலம்வரை ஈரம், தொடையெல்லாம் புண். ஆனாலும் சட்டம் சட்டம்தானே. முதல் வாரம் எங்கள் ஆட்கள் கால்சட்டையைக் கம்பு நுனியில் மாட்டித் தோளில் வைத்துக்கொண்டு, கீழே வழக்கம்போலப் பாவாடையோடு சந்தைக்குப் போனார்கள். கால்சட்டை கையோடு இருக்கிறது, ராஜா சொன்னதைக் கேட்டாயிற்று என்று மனதார நம்பித்தான் போனார்கள். அன்று பிடிபட்டவர்கள் ஒன்பது பேர். ஒன்பதில் ஒருவன் ஃபெரகர்.

ஃபெரகரைப் பிடித்த அன்றே சிப்பாய்கள் அவன் வீட்டுக்குள்ளும் புகுந்தார்கள். மூலையில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு வயது மகள் மார்சலிமேல் கிடந்தது ஃபெரகரின் இன்னொரு துணி. அதை உருவிக்கொண்டுபோய் வாசலில் போட்டுக் கொளுத்தினார்கள். பிள்ளை போர்த்தியிருந்தது போர்வைதானே, அதை யார் இடுப்பில் கட்டப் போகிறார்கள் என்று அவன் மனைவி ஆய்ரிக் கெஞ்சினாள். அவள் பாஷை அவர்களுக்குப் புரியவில்லை. புரிந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அந்த வருடம் பனி முன்னதாகவே விழுந்தது. அக்கம்பக்கத்தில் இரவல் கேட்க எந்த வீட்டிலும் துணி மிச்சமில்லை. மார்சலி மூன்று வாரம் இருமினாள், நான்காவது வாரம் இருமவில்லை. ஃபெரகர் சிறையிலிருந்து வசந்த காலத்தில் நடந்து வந்து சேர்ந்தபோது அவள் குழிமேல் புல் முளைத்திருந்தது.

அவன் அழவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள் காலையில் ஆய்ரிக் பார்க்கும்போது அவன் இடுப்பில் பாவாடை இருந்தது. வீட்டில் அப்படி ஒரு துணியே கிடையாது. எங்கிருந்து வந்தது என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அவளுக்கு அப்போது இருந்த பயம் வேறு. பிடித்துக்கொண்டு போனால் இரண்டாம் தடவை, இரண்டாம் தடவை என்றால் கப்பல். முன்பு வேறு குற்றங்களுக்காகக் கப்பலில் போனவர்கள் யாரும் ஏழு வருடம் கழித்துத் திரும்பியதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

"அந்தக் கால்சட்டையைப் போட்டுத் தொலையேன்," என்றாள் ஆய்ரிக். "ஒருத்தியைத் தூக்கிக் குடுத்தது போதாதா? உனக்கு ரோஷம், கட்டிக்கிட்டுப் போயிடுவ. இந்த வீட்ல தனியா நான் சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காரணுமா?"

அவனுக்கும் அது நியாயமாகப் பட்டது. எழுந்து வாரை அவிழ்த்தான். துணி கீழே விழுந்தது. அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது, வாரும் கட்டியிருந்தது. அதையும் அவிழ்த்தான், அதற்குக் கீழும் இருந்தது. ஆய்ரிக் தானே வந்து பதினைந்துவரை உருவிப் பார்த்தாள். பதினைந்தும் வெதுவெதுப்பாக இருந்தன. பிறகு அவள் அவற்றை மடித்து, கைக்குழந்தை இருக்கிற பதினைந்து வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பயம் அவளை விட்டுப் போகவில்லை. ஆனால் அவனைத் திட்டுவதை அன்றோடு நிறுத்திக்கொண்டாள்.

கோடை முழுக்க அவன் மாடுகளோடு மேல்மலையில் இருந்தான். அக்டோபரில் மாடுகளைக் கீழே ஓட்டி வந்தபோது பிடித்தார்கள். கோட்டைத் தளபதி ஹோல்ராய்டு துரை ஒழுங்குக்காரர். குற்றவாளியை அனுப்பும்போது பாவாடையைக் கழற்றித் தனியாகவும் ஆளைக் கால்சட்டையோடு தனியாகவும் அனுப்ப வேண்டும் என்பது விதி. கழற்றச் சொன்னார். முதல் பத்து வரைக்கும் சிப்பாய்கள் சிரித்தார்கள். குளிருக்குப் பயந்து அடுக்கடுக்காகக் கட்டியிருக்கிறான் என்று நினைத்தார்கள். இருபதில் சிரிப்பு நின்றது. நாற்பதில் ஒருவன் சிலுவை போட்டுக்கொண்டான். முதல் நாள் குவியல் குதிரை உயரம் இருந்தது. கொளுத்தச் சொன்னார் துரை. கொளுத்தினார்கள். எங்கள் பிள்ளைகள் பாதிப் பேர் வெறும் சட்டையோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அத்தனை கம்பளியும் எரிந்தது. அந்த நாற்றம் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது.

மூன்றாம் நாள் மதியம் ஆறு சிப்பாய்களுக்கும் கைவிரல் வீங்கிவிட்டது. துரை பாதிரியாரை வரவழைத்து, அவர் மூலமாக ஃபெரகரிடம் பேசினார். இரண்டு வழி இருக்கிறது என்றார். பட்டாளத்தில் சேர்ந்துவிடு, அப்போது இதையே கட்டிக்கொண்டு இருக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஃபெரகர் மாட்டேன் என்றான். அப்படியென்றால் சத்தியம் செய், விட்டுவிடுகிறேன் என்றார். அந்தச் சத்தியத்தை எங்கள் ஆட்கள் பல பேர் கண்ணை மூடிக்கொண்டு செய்திருந்தார்கள். என்னிடம் அந்தத் துணி இல்லை, இனிக் கட்டவும் மாட்டேன், கட்டினால் என் பெண்டாட்டி பிள்ளைகளை நான் மறுபடியும் பார்க்காமல் போகட்டும் என்பது அதன் சாரம். பாதிரியார் வரிவரியாகச் சொல்லிக் கொடுத்தார். வாசலில் நின்ற ஆய்ரிக், சொல்லிவிடு என்று வாயசைத்தது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. ஃபெரகர் கடைசிவரை கேட்டான்.

"பிள்ளையை மறுபடியும் பாக்காம போவேன்னு சொல்லணுமாம்," என்றான். "துரைகிட்டச் சொல்லுங்க ஐயா. அது நடந்து முடிஞ்சிருச்சு. இன்னும் என்னத்தைப் பணயம் வைக்கச் சொல்றாரு?"

பாதிரியார் அதை மொழிபெயர்க்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். துரை அதையே மறுப்பாக எடுத்துக்கொண்டு, கப்பலுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்.

துறைமுகம் நான்கு நாள் நடை. ஆய்ரிக் பின்னாலேயே போனாள். விரட்டினார்கள், கல்லெறிந்தார்கள், போனாள். கப்பலில் ஏற்றும் முன் ஆட்களை அம்மணமாக்கிக் கடல்நீர் ஊற்றிக் கழுவுவது வழக்கம். ஃபெரகரை அம்மணமாக்கத் தொடங்கியது காலை ஏழு மணிக்கு. பத்து மணிக்குப் படித்துறை முழுக்கத் துணி. மாலுமிகள் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். கடல்காரர்களுக்கு இந்த மாதிரி விஷயத்தில் சிப்பாய்களைவிடப் புத்தி அதிகம். இந்த ஆள் ஏறினால் நாங்கள் இறங்குகிறோம், நடுக்கடலில் இந்தத் துணி கப்பலை நிரப்பினால் யார் இறைப்பது என்று கேட்டார்கள். கப்பல்காரர் சிப்பாய்களோடு கத்தினார், பிறகு கப்பல் தரைதட்டும்படி கடல்நீர் இறங்கத் தொடங்குவதைப் பார்த்தார், பாய் விரிக்கச் சொன்னார். ஃபெரகரைக் கரையிலேயே விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. அவனை என்ன செய்வது என்று சிப்பாய்களுக்கு உத்தரவு இல்லை. சாப்பிடப் போனார்கள். ஆய்ரிக் வந்து அவன் கையைப் பிடித்தாள். "வா, வீட்டுக்குப் போலாம். மாடு கறக்காம கிடக்கு," என்றாள்.

அதற்குப் பிறகு அவனை யாரும் பிடிக்கவில்லை. ஹோல்ராய்டு மாற்றலாகிப் போனார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் ஃபெரகர் எதிரே வந்தால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். சட்டத்துக்குள் இருந்தவை எங்கள் எல்லோரின் கால்களும், சட்டத்துக்கு வெளியே இருந்தவை அவன் ஒருவனின் கால்கள். முப்பத்து மூன்று வருடம் இப்படியே போயிற்று. குழந்தை பிறந்த வீட்டுக்காரர்கள் அவனிடம் வந்து நிற்பார்கள். அவன் வாரை அவிழ்த்து ஒன்றை உருவிக் கொடுத்துவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விடுவான். சிரித்தமுகமாக ஒரு நாளும் கொடுத்ததில்லை. பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சியதும் இல்லை.

பிறகு 1782இல் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். எடுக்கச் சொல்லிக் கேட்டவர்கள் நாங்களா? எங்களை யார் கேட்டார்கள்? லண்டனில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்களுக்குத் திடீரென்று பாவாடைமேல் ஆசை வந்துவிட்டது. எந்த முழங்காலைப் பார்த்து லண்டனே காறித் துப்பியதோ, அந்த முழங்காலை வரைந்து மாளிகைச் சுவரில் மாட்டுவது அந்தஸ்தாகிவிட்டது. எங்கள் நிலப்பிரபுவின் பேரன் லாக்லன் துரை சேதிக் காகிதத்தோடு வண்டியில் வந்து இறங்கினார். இடுப்பில் பட்டு ஓரம் வைத்த பாவாடை, வெள்ளிக் கொக்கி. எங்கள் பாஷை அவருக்குத் தெரியாது. கோயில் வாசலில் எல்லோரையும் கூட்டி, பாதிரியார் கில்லிஸின் மகன் காகிதத்தைப் படித்தார். லாக்லன் துரை ஃபெரகரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எடின்பரோவில் ஊர்வலம் வைக்கப் போகிறோம், நம் வீரத்துக்கு நீதான் அடையாளம், முன்னால் நீதான் நடக்க வேண்டும் என்று பாதிரியார் மகன் மூலமாகச் சொன்னார்.

ஃபெரகருக்கு அப்போது எழுபது வயது. அந்தக் காகிதத்தை மறுபடியும் ஒரு தடவை படிக்கச் சொன்னான். படித்தார்கள். அதில் எங்காவது மார்சலி என்ற பெயர் இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றார்கள். அந்தக் குளிர்காலத்தில் ஊரில் செத்துப்போன மற்ற ஆறு பிள்ளைகளின் பெயர் இருக்கிறதா என்று கேட்டான். இல்லை. தப்பு நடந்துவிட்டது என்றாவது ஒரு வரி? அதுவும் இல்லை. ஃபெரகர் எல்லோர் முன்னாலும் வாரை அவிழ்த்தான். துணி விழுந்தது. கீழே இன்னொன்று இருந்தது.

லாக்லன் துரைக்கு முகம் சுருங்கிவிட்டது. சட்டத்தைத்தான் எடுத்தாயிற்றே, இன்னும் ஏன் இது நிற்கவில்லை என்று கேட்டார். ஆய்ரிக்தான் பதில் சொன்னாள்.

"நீங்க எடுத்தது சட்டத்தை மட்டும்தான் துரை."

விழுந்த துணியை எடுத்து மடித்து அவள் துரையின் கையில் வைத்தாள். துரை அதைக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். ஊர்வலத்தில் ஒரு நாடகக்காரன் முன்னால் நடந்தானாம், கை தட்டினார்களாம். நாங்கள் யாரும் போகவில்லை.

ஃபெரகர் அதற்கு மேல் ஒன்பது வருடம் இருந்து, ஒரு நவம்பரில் இறந்தான். குளிப்பாட்டும் பெண்கள் நான்கு துணிவரை உருவிப் பார்த்துவிட்டு, போதும் என்று ஐந்தாவதோடு மார்சலியின் பக்கத்தில் வைத்துப் புதைத்தார்கள். அடுத்த குளிர்காலத்தில் குழிமேல் புல்லுக்கு நடுவே துணியின் நுனி ஒரு சாண் வெளியே வந்திருந்தது. குழந்தை பிறந்த வீட்டார் இப்போது அங்கேதான் போகிறார்கள். வேகமாக இழுக்கக் கூடாது, மெதுவாக இழுத்தால் வரும். ஐந்து கெஜம் வந்ததும் கத்தியால் வெட்டிக்கொண்டு, மிச்ச நுனியை மழை படாமல் கல் வைத்து மூடிவிட்டு வர வேண்டும். இந்த வருடம் நான்கு வீடுகளில் பேறுகாலம். கல்லை எடுத்துவிட்டுத் திரும்ப வைக்காமல் வருகிறவர்கள் தயவுசெய்து வைத்துவிட்டு வரவும்.