ரிட்டர்ன் வாடகை

எட்மண்டுக்கு வண்டி ஓட்டத் தெரியும். வாடகை கேட்கத் தெரியாது. செகந்திராபாத்தில் குடியிருந்துகொண்டு, காஞ்சன்பாக்கில் ஒரு தொழிற்சாலை லாரியைப் பத்தொன்பது வருஷம் ஓட்டியவர். டீசல் ஃபாக்டரி பம்பிலிருந்து வரும், டயர் ஸ்டோரிலிருந்து வரும், சம்பளம் முதல் தேதி வந்துவிடும். லாக் புத்தகத்தில் ஒரு கையெழுத்தோடு அவர் கணக்கு முடிந்தது. அப்படிப்பட்ட மனுஷர் எண்பத்துமூன்றாம் வருஷம் வேலையை விட்டுவிட்டு, கிடைத்த பணத்தில் பழைய டெம்போ ஒன்றை வாங்கித் தொழில் தொடங்கினால் எப்படி இருக்கும்? வாடகை எவ்வளவு என்று யார் கேட்டாலும், "பாத்துக் குடுங்க" என்பார். அவர்களும் நன்றாகப் பார்த்து, குறைத்தே கொடுத்தார்கள்.

இந்த லட்சணத்தில் இரண்டு மாதம் ஓடிய பிறகு, கர்த்தர் கண் திறந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஏ.எஸ்.ராவ் நகரில் இரும்புப் பெட்டி செய்யும் பட்டறை வைத்திருந்த ஜெகநாதன், தினமும் ஒரு லோடு காஞ்சன்பாக்குக்குக் கொண்டுபோக ஒரு வருஷத்துக்கு ஆள் தேடினார்.

"பாத்துக் குடுங்க கதையெல்லாம் நக்கோ, வேண்டாம். திங்கக்கிழமை காலையில ரேட்டைக் காகிதத்துல எழுதிக் கொண்டாங்க" என்று எட்மண்டிடம் கறாராகச் சொல்லிவிட்டார். இது கிடைத்தால் பிழைப்பு நடக்கும். நழுவினால் வண்டியை விற்க வேண்டியதுதான். நாற்பத்தாறு வயதில் வேறு எங்கே போய் நிற்பது?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்ட கையோடு மேஜையில் உட்கார்ந்தார். டீசல், ஆயில், டயர் தேய்மானம், ஏற்றி இறக்கும் ஆள் கூலி, தனக்குக் கொஞ்சம் என்று எழுதிக் கூட்டி, நாற்பது ரூபாய் என்று அடியில் கோடு போட்டார். காகிதத்தை மனைவி ஹில்டாவிடம் நீட்டினார். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள் அவள். ஒரே பார்வைதான்.

"இது போறதுக்கு. வாரதுக்கு எங்க?"

"வாரப்ப வண்டி காலியால்லா வருது? ஒண்ணுமே ஏத்தாத வண்டிக்கு எப்படி ரூவா கேக்கது? அது ஏமாத்து வேல, ஹில்டா."

"காலி வண்டி தண்ணியிலயா ஓடுது?"

"அங்கன நின்னா ஏதாவது ரிட்டர்ன் லோடு கெடைக்கும். அதுல சரிக்கட்டிரலாம்."

ஹில்டா கத்தவில்லை; காகிதத்தை மெதுவாக அவர் பக்கம் தள்ளி வைத்தாள். எட்மண்டுக்கு அதுதான் பயம். கத்தினால் எப்படியாவது சமாளித்துவிடுவார்.

"ரெண்டு மாசமா பேகம்பேட்டுல அதுக்குத்தான நிக்கீங்க?" என்றாள். "மத்தியானமே சரக்க எறக்கிட்டு, லோடு வரும் வரும்னு எட்டு மணி, ஒம்போது மணி வரைக்கும். பாதி நாளு அதுவும் இல்லாம வாரீங்க. நான் தட்டுல சோத்தப் போட்டு மூடி வச்சிட்டு வாசலப் பாத்துக்கிட்டு இருக்கேன். எங்கயும் மோதிருச்சோ, ஆளுக்கு என்னமும் ஆயிருச்சோன்னு." அவள் காகிதத்தைச் சுட்டிக் காட்டினாள். "ரிட்டர்ன் வாடகைய இத்தன நாளா நாந்தான் குடுத்துக்கிட்டு இருக்கேன்."

மூடி வைத்த தட்டை எட்மண்ட் திறந்து சாப்பிட்டாரே ஒழிய, மூடி வைத்தவள் எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. வெட்கமாக இருந்தது. பேனாவை எடுத்து, 'திரும்பி வர இருபது' என்று சேர்த்து எழுதினார்.

"அறுபதுன்னா அவரு வேற ஆளப் பாத்துருவாரு."

"பாக்கட்டும்" என்றாள். சொல்லும்போது அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை ஜெகநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "ஹவ், ஆமா, போறதுக்கு நாப்பது சரி. காலி வண்டிக்கு இருபது ரூபாயா? கைக்கு, எதுக்கு?"

'பாத்துக் குடுங்க' எட்மண்டின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினார்.

"காலி இல்ல சார். அதுல நான் இருப்பேன்லா? பொழுதோட வீட்டுக்குப் போகணும்."

ஜெகநாதன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "வீட்டுக்குப் போற அவசரம் உள்ளவன் லோடை நேரத்துக்கு எறக்கிடுவான். அம்பத்தஞ்சு. இன்னிக்கே ஏத்துங்க."

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு, வெயில் தாழும் முன்பே, செகந்திராபாத்தில் வீட்டு வாசலில் டெம்போ வந்து நின்றது. பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்த ஹில்டா, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள்.

"என்ன இந்நேரத்துல? கெடைக்கலியா?"

"கெடச்சிட்டு."

"பின்ன ஏன் இவ்வளவு சீக்கிரம்..."

"வாரதுக்கும் சேத்துக் குடுத்துட்டாரு, ஹில்டா."

"இந்நேரத்துக்கு வந்து நின்னா காப்பிக்குப் பாலுக்கு நான் எங்க போவேன்?" என்று வைதுகொண்டே திரும்பி உள்ளே போனாள். போகிற போக்கில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டது, பின்னால் வந்த எட்மண்டுக்குத் தெரிந்தது.