நெஞ்சளவிலிருந்து இடுப்பளவுக்கு

சலூன்காரர் இரண்டு முட்டிக்கும் நடுவே இடுக்கி வைத்திருந்த மிதவைக் கட்டையை, சும்மா ஒரு வேடிக்கைக்குத்தான் விட்டார். அது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கிளம்பி, குனிந்து அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்த பயிற்சி சொல்லித்தரும் பெண்ணின் தாடையில் மடேரென்று இடித்தது. ஆஸ்பத்திரியின் வெந்நீர்க் குளத்தில் இருந்த மூட்டுவாதக்காரர்கள் ஏழு பேரும் கையை மடக்கி நீட்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

"முப்பது வருஷமா எத்தனையோ தாடைய புடிச்சிருக்கேன்மா. அடிச்சது இதான் முதல் தடவை," என்றார் சலூன்காரர்.

யாரும் சிரிக்கவில்லை. அவள் தாடையைத் தடவிக்கொண்டே, நாளையிலிருந்து நெஞ்சளவுத் தண்ணீர் வேண்டாம், இடுப்பளவுக்கு வந்துவிடுங்கள் என்றாள்.

நெஞ்சளவில் அவருக்கு ராஜபோகம். முட்டி என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். ஒற்றைக்காலில் கொக்காக நிற்பார். இடுப்பளவிலோ உடம்பின் பாதிக் கனம் வந்து முட்டிமேல் உட்கார்ந்துகொண்டது. தண்டனைதான், சந்தேகமே இல்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். அவர் ஆழம் தெரிந்தே விட்டார்: அவள் முதுகு திரும்பியதும் பக்கவாட்டில் நழுவி நெஞ்சளவுக்குப் போய்விடுவார். "நண்டு கெளம்பிடுச்சு," என்று பக்கத்திலிருந்த ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் தவறாமல் காட்டிக்கொடுத்தார்.

கடையில் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் இப்போது மச்சான் நின்று வெட்டிக்கொண்டிருந்தான். திரும்ப வருவீர்களா என்று ஒன்றாம் தேதிக்குள் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த இடம் எனக்கே இருக்கட்டும் என்று மரியாதையாகத்தான் கேட்டிருந்தான். மறுபடி நிற்க முடியுமா, முடியாதா? டாக்டர் வயதைக் கேட்டார். மனைவி முதலில் சாப்பிடச் சொன்னாள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. "உக்காந்துகிட்டே வெட்டினா காது வரைக்கும்தான் எட்டும், பரவால்லையா டாக்டர்?" என்று கேட்டால் எந்த டாக்டர் பதில் சொல்வார்? சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நான்காம் முறை நண்டு கையும் களவுமாகப் பிடிபட்டது. பயிற்சிக்காரி திட்டவில்லை, இடுப்பளவுப் பக்கம் கையைக் காட்டினாள். நாக்கு நுனிவரை வந்த ஒரு ஜோக்கை அவர் விழுங்கினார். வயிற்றுக்குப் புதிதாக இருந்தது.

"அன்னிக்கு அடிச்சதுக்கு இன்னும் எத்தனை நாள்மா தண்டனை? அது போகட்டும். ஒண்ணாம் தேதிக்குள்ள மச்சானுக்குச் சொல்லணும், நான் திரும்பக் கடையில நிப்பேனா, மாட்டேனா?"

அவள் மிதவைக் கட்டையை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"தண்டனையாண்ணே? தண்ணி குறையக் குறைய உங்க கனத்த உங்க காலே தாங்குது. தேறினவங்களத்தான் இந்தப் பக்கம் ஏத்துவேன். அன்னிக்கு நீங்க கட்டைய முட்டியால இறுக்கிப் புடிச்ச புடியப் பாத்துத்தான் ஏத்தினேன். ஏமாத்தாம ரெண்டு வாரம் இங்க நில்லுங்க. ஒண்ணாம் தேதி கடைக்குப் போங்க. அரை நாள்தான். முழு நாள் நிக்கிறது இனிமே கிடையாது. மிச்ச அரை நாளைக்கு வேற ஆள வெச்சுக்குங்க."