மத்தளத்துக்கு வயிற்றுவலி

அப்பா சொன்னதில் 'கழுத்தை நெரிக்குது' என்பதை மட்டும் எடுத்துவிட்டால் போதும். 'காலர் இறுக்கம்' என்று சொல்லலாம். இறுக்கம் என்றாலும் அம்மா முறைப்பாள். 'காலர் பிரமாதமாம், ஒரு நூல் தளர்த்தினா இன்னும் பிரமாதமாம்.' ஆமாம், அதுதான் சரி.

அவள் திரையை விலக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனாள்.

முன்னறையில் அப்பா துணி வெட்டுவார். பின்னறையில் அம்மா மிஷினில் தைப்பாள். ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடைச் சட்டைகள் முழுக்க, இடப்பக்கம் இருக்க வேண்டிய பை வலப்பக்கம் வந்துவிட்ட நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. அடையாளக் கோடு போட்டவர் தப்பா, அதைப் பார்த்தும் தைத்தவள் தப்பா என்பது இன்னும் தீரவில்லை. அதற்காகத் தொழில் நிற்குமா? கை, காலர், பட்டன் என்று பேசித்தானே ஆக வேண்டும். அதற்கு எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் இருந்தாள்.

"வெட்டினது யாராம்? அவருக்குக் கத்திரி வாயிலதான் ஓடும், துணியில ஓடாதுன்னு போய்ச் சொல்லு" என்றாள் அம்மா.

திரையைத் தாண்டுவதற்குள் அது வேறாகியிருந்தது. "உங்க கத்திரி மாதிரி வராதாம்ப்பா. கொஞ்சம் பார்த்துக்கச் சொன்னாங்க."

அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். "பார்த்தியா, இறங்கி வர்றா! இன்னும் நாலு நாள் விட்டா மன்னிப்பே கேட்டுடுவா."

பின்னறையில் அம்மாவும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். மகள் பூசி மெழுகப் பூசி மெழுக, மற்றவர் வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்று இருவரும் சாவகாசமாகக் காத்திருந்தார்கள்.

அவளுக்கு அது புரியாமல் இல்லை. ஆனாலும் ஒரே ஒரு சொல்லை உள்ளபடி சொல்லிவிட்டால் வீடு இரண்டாகிவிடும் என்று பயம். வகுப்பில் உட்கார்ந்தும் சாயங்காலத்துச் சொற்களையே அரைத்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் ஆசிரியை பக்கத்துப் பெண்ணைப் பார்த்து, "தலையில என்ன களிமண்ணா? கணக்கு தப்பு!" என்று அதட்ட, இவள் தன்னையறியாமல் திரும்பி, "இன்னொரு தடவை போட்டுப் பார்க்கச் சொல்றாங்க" என்றாள். வகுப்பே சிரித்தது. இவளுக்கு வயிறு பிசைந்தது.

அந்தப் பிசைவு அப்புறம் தினமும் வந்தது. பரீட்சையன்று தாளை வெறுமையாக வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேசையில் சாய்ந்துவிட்டாள். பெற்றோரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஆசிரியை முன்னால் மூன்று நாற்காலிகள். இருவரும் அவளை நடுவில் உட்காரவைத்துவிட்டு ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள்.

"வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" என்றார் ஆசிரியை.

"எங்க வீட்டுலயா? சேச்சே!" இருவருக்கும் இதில் மட்டும் ஒரே குரல்.

"உடம்புல ஒண்ணும் இல்லன்னு நாங்க காட்டின டாக்டர் சொல்லிட்டார். பிள்ளை மனசுல எதையோ போட்டுக் குழப்பிக்கிறா. இப்படியே விட்டா படிப்பும் போயிடும், உடம்பும் போயிடும்" என்றார் ஆசிரியை.

அப்பா மகள் பக்கம் சாய்ந்தார். "உங்கம்மாகிட்ட கேளு, காலைல எதையாவது சாப்பிட வைக்கிறாளான்னு."

"பிள்ளை சாப்பிட்டுச்சான்னு என்னைக்காவது தலையைத் தூக்கிப் பார்த்திருக்காரான்னு நீ கேளு" என்றாள் அம்மா.

குரல்கள் ஏறின. ஆசிரியை பதறிப்போய், "உங்கப்பாவைக் கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்லும்மா" என்றார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இந்த மத்தளத்துக்கு மூன்றாவது பக்கமும் முளைத்துவிட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்த இடத்தில் வலி சற்று ஒதுங்கி நின்றது.

அப்போதுதான் கவனித்தாள். அவள் வாயைத் திறக்கும் முன்பே அம்மா பதிலடிக்கு மூச்சை இழுக்கிறாள். அப்பாவும் அப்படித்தான். இருவருக்கும் காது நன்றாகவே கேட்கிறது. அப்படியானால் நான் எதற்கு?

அப்பா தோளை இடித்தார். "சொல்லேன். உன்னாலதான் பிள்ளைக்கு இந்தக் கதின்னு சொல்லு."

மெழுகிய சொல் ஒன்று வழக்கம்போல நாக்கு நுனிவரை வந்தது. வீடு இரண்டாகிவிடுமோ என்ற பயமும் கூடவே வந்தது. அவள் சொல்லை மட்டும் விழுங்கினாள்.

"நான் சொல்ல மாட்டேம்ப்பா" என்றாள் மெதுவாக. "அம்மா இங்கதான் இருக்காங்க."

நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.