ஏரம்புவின் முதுகுக்கு ஒரு கதிரை

நாகேஸ்வரி என் பட்டறைக்கு வந்து நின்றபோது நான் அவளை இரு என்று சொல்லவில்லை. அவள் புருஷன் ஏரம்பு வாசிகசாலையடியில் வைத்து என்னைப் பற்றிச் சொன்ன கதை எனக்கு மறக்கவில்லை. அவன் வீட்டு வாசல் நிலைக்கு வயிரமரம் என்று சொல்லி நான் வெள்ளை மரத்தைச் சேர்த்துவிட்டேனாம். அந்த நிலை இன்றைக்கும் நிற்கிறது. கறையான் ஓரிடத்திலும் வாய் வைக்கவில்லை. ஆனால் சொன்ன சொல்லும் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வட்டக்கச்சியில் அவன் வாய்க்காலின் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். கதை பேச்சு இல்லை.

"அண்ணை, அவருக்கு முட்டு கூடிப்போச்சு" என்றாள். "படுக்கேலாது. மார்கழிப் பனி தொடங்கினதில இருந்து நெல்மூடையில சாஞ்சு குந்திக்கொண்டுதான் இருக்கிறார். சரிஞ்சு படுத்தா மூச்சு அடைக்குது. நித்திரை இல்லாமலே மனிசன் செத்துப்போகும்."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகேல்லையோ?"

"போனனாங்கள். குளிசை தந்தவை. சாஞ்சிருந்து நித்திரை கொள்ளட்டாம். கடையில ஒரு துணிக் கதிரை வாங்கிப் பார்த்தம். அது நடுவில தொய்ஞ்சு நெஞ்சை மடிச்சுப்போடுது."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"மரத்தில ஒரு சாய்மனைக் கதிரை செய்து தாங்கோ. அவரின்ர முதுகுக்குத் தக்கதா. முழங்கையை ஊண்டிக்கொண்டு இருந்தா அவருக்கு மூச்சு வருகுது."

"அவர் கேட்டவரோ, நீ கேக்கிறியோ?"

"அவருக்குக் கதைக்க மூச்சில்லை அண்ணை."

நான் அதை நம்பவில்லை. தேவை வந்தால் சனம் எதுவும் சொல்லும். கண்ணால் பார்த்துவிட்டுப் பேசுவோம் என்று கோலையும் நூலையும் எடுத்துக்கொண்டு போனேன்.

பார்த்தேன். அவள் சொன்னது குறைவு. கூரை வீட்டின் உள் மூலையில் நெல்மூடைகளை அடுக்கி, அதில் முதுகைப் போட்டு, இரண்டு பக்கத்து மூடையிலும் முழங்கைகளை ஊன்றி இருந்தான். கண்கள் குழிக்குள் போய்விட்டன. ஒவ்வொரு மூச்சும் பச்சை மரத்தில் மொட்டை வாள் போகிற சத்தம். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பினான்.

"உம்மட நிலைக்கு இன்னும் கறையான் வரேல்லைப் போல" என்றேன்.

அவன் பேசவில்லை. பேச முடியவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பிடரியிலிருந்து இடுப்பில் நாரி வரைக்கும் கோலைப் பிடித்து நீளம் பார்த்தேன். தோள் அகலம் பார்த்தேன். அந்த நேரம் பக்கத்து வீட்டுப் பத்மாசனி சிரட்டையோடு தணல் எடுக்க வந்தவள், வாசலில் நின்று எங்களைப் பார்த்தாள். பிறகு தணல் எடுக்காமலே போய்விட்டாள். முதுகின் வளைவை எடுப்பதற்கு முன் ஏரம்புவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கையை ஆட்டிப் போகச் சொன்னான். பிறகு வருகிறேன் என்று வந்துவிட்டேன்.

எங்கள் குடியேற்றத்தில் செத்தவனுக்குப் பெட்டி அடிக்கிறவனும் நான்தான். அதற்கும் இதே கோல்தான். வேறு கோலுக்கு நான் எங்கே போவது?

சாய்மனைக் கதிரையில் கஷ்டம் வளைந்த சட்டங்களில்தான் இருக்கிறது. முதுகு தாங்க இரண்டு, கை வைக்க இரண்டு. நேர்ப்பலகையில் கோடு கீறி வளைவாக அறுத்து எடுக்கலாம். கடைக்காரன் அப்படித்தான் செய்கிறான். அப்படி அறுத்தால் மரத்தின் ரேகை வளைவோடு போகாது, குறுக்கே வெளியே ஓடிவிடும். ஒருநாள் முழங்கையை அழுத்தி எழும்பும்போது பிஸ்கட் மாதிரி முறியும். மூச்சுக்குத் தவிக்கிறவன் முழுப் பாரத்தையும் முழங்கையில்தான் போடுவான். ஆகவே காட்டில் தானாக வளைந்து வளர்ந்த கொப்பு வேண்டும். அதை நடுவால் பிளந்தால் ஒன்று வலத்துக்கு, ஒன்று இடத்துக்கு. ரேகை ஒரு முனையிலிருந்து மற்ற முனைவரை வளைவோடேயே ஓடும்.

முல்லைத்தீவுப் பக்கமிருந்து வண்டியில் மரம் கொண்டுவருகிற பக்கீரிடம் சொல்லிவிட்டேன். அவன் வாயாடி. ஆனால் பச்சை மரத்தைக் காய்ந்தது என்று சொல்லமாட்டான். அவ்வளவுக்கு மட்டும் நான் அவனை நம்புவேன்.

வண்டியை என் வேலியோரம் நிறுத்திவிட்டுக் கூப்பிட்டான். "மயிலர், நீங்கள் சொன்ன மாதிரி ரெண்டு முதிரைக் கொப்பு. போன வருசக் காத்துக்கு விழுந்து கிடந்தது. நல்லாக் காஞ்சது."

கொப்புகளைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்று நீளமான, மெல்லிய வளைவு, முதுகுக்கு. மற்றது தடிப்பும் குட்டையும், கைக்கு. நல்ல மரம். கீழே பார்த்தேன். வண்டியின் அடியில் புதிதாக அறுத்த பலகைகள் கிடந்தன.

"உதென்ன பலகை?"

"அதுவும் தேவைப்படுமெண்டு சனம் சொல்லிச்சு."

"எந்தச் சனம்?"

"பரந்தன் தேத்தண்ணிக் கடையில. ஏரம்பருக்கு அளவெடுத்தாச்சாமெல்லோ? பெட்டிக்கு ஏன் வளைஞ்ச கொப்பு, ஆளைக் குந்தவைச்சோ கொண்டுபோகப் போறியள் எண்டு நானும் யோசிச்சன்."

"உன்ர வாயில கொள்ளி வைக்க."

"கோவிக்காதேங்கோ, நான் சனத்தின்ர கதையைச் சொல்லுறன். பலகையைத் திருப்பிக் கொண்டுபோறன்."

"கொண்டுபோ. ஏரம்பு வீட்டு ஒழுங்கையால மட்டும் போகாதை."

பக்கீர் தலையைச் சொறிந்தான். "அந்த ஒழுங்கையாலதானே வந்தனான். தண்ணி குடிக்க வண்டியும் நிப்பாட்டினனான். அவர் யன்னலால பார்த்துக்கொண்டுதான் இருந்தவர்."

நான் அவனைப் போகவிடவில்லை. பெரிய வாளின் மறு பிடியை அவன் கையில் கொடுத்து, கொப்பு இரண்டையும் பிளக்க வைத்தேன். வாள் பாதி போனதும் பிளவு கொஞ்சம் வாய் திறந்தது. வளைந்து வளர்ந்த மரத்துக்குள் அப்படி ஒரு இழுவை இருக்கும், அவசரப்பட்டால் தன்பாட்டில் கீறிக்கொண்டு ஓடிவிடும். கயிறு கட்டி இறுக்கிவிட்டு மெல்ல மெல்ல அறுத்தோம். பக்கீர் ஒரு பகிடியும் விடவில்லை. அவனுக்கும் மனம் சரியில்லை.

அதற்குள் கதை ஏரம்புவின் சொந்த ஊரான சரசாலை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஏரம்புவின் தம்பி வீரகத்தி இரண்டு பெண்டுகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினான். படலைக்குள் கால் வைக்க முன்னமே பெண்டுகள் குரல் எடுத்து அழத் தொடங்கினார்களாம். உள்ளே உயிரோடு இருந்த ஏரம்பு தன் செத்தவீட்டு ஒப்பாரியைத் தானே கேட்டான்.

வளைவு எடுக்க நான் மறுபடி போனபோது வீடு வேறு மாதிரி இருந்தது. பெண்டுகள் திரும்பிப் போய்விட்டார்கள். வீரகத்தி மட்டும் பாயில் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தான். நாகேஸ்வரி குசினி வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

ஏரம்பு என் கையைப் பார்த்தான். "கிட்ட வராதை" என்றான். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு. "ரெண்டு பேரும். சேர்ந்து. அளந்தது. போதும்."

"கதிரைக்கடா" என்றேன்.

"பலகை. கண்டனான்."

நாகேஸ்வரி தண்ணீர்ச் செம்போடு ஓர் அடி வைத்தாள். அவன் கையை ஓங்கினான். வீரகத்தி எழும்பி அவள் கையிலிருந்த செம்பை வாங்கி, தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு, கிணற்றில் வேறு அள்ளிக்கொண்டு வந்து கொடுத்தான். ஏரம்பு குடித்தான்.

"கோவிக்காதேங்கோ ஆசாரியார்" என்று வீரகத்தி என்னை வெளியே கூட்டிவந்தான். "அண்ணி ஏதும் கலந்துபோடுவா எண்டு அண்ணை அவவின்ர கையால ஒண்டும் வாங்கமாட்டனெண்டுறார். பிள்ளை குட்டியும் இல்லை. இனி வயலை ஒரு பொம்பிளை தனிய எப்பிடிப் பாக்கிறது? நான்தான் நிண்டு பாக்கவேணும்."

"உன்ர அண்ணை இன்னும் மூச்சு விடுறார்."

"அதுதான் நானும் சொல்லுறன். மூச்சு விடுமட்டும் நிம்மதியா இருக்கட்டும். கதிரை கிதிரை எண்டு கரைச்சல் குடுக்காதேங்கோ."

இந்தக் காணியை ஏரம்பு காடு வெட்டி எடுத்தபோது இவன் ஒரு நாளும் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தவன் இல்லை. நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் நான் நாகேஸ்வரியின் ஆள் என்று ஆகிவிடும். ஏற்கனவே ஆகிவிட்டேன்.

நாகேஸ்வரி பின் வேலியடியில் என்னை மறித்தாள். "எனக்கு ஒண்டும் வேண்டாம் அண்ணை. அவர் ஒருக்கா நித்திரை கொள்ளட்டும். காலமை முகம் கழுவத் தம்பி அவரைக் கிணத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போவார். அப்ப வாங்கோ."

"வந்து? ஆள் இல்லாமல் என்னத்தை அளக்கிறது?"

"மூடை இருக்குதுதானே."

எனக்கு முதலில் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து வேறு வேலைக்குக் கட்டுக்கம்பியைத் தேடிக்கொண்டிருக்கும்போதுதான் விளங்கியது.

விடிந்து அண்ணனும் தம்பியும் கிணற்றடிக்குப் போனதும் உள்ளே போனேன். அவன் நாள்தோறும் சாய்ந்து சாய்ந்து நெல்மூடையில் பெரிய குழி விழுந்திருந்தது. சாக்கில் மேலே தலை எண்ணெயின் கறை. பிடரி எங்கே இருக்கிறது என்று அது சொன்னது. கீழே நாரி பட்ட இடம். பக்கத்து மூடைகள் இரண்டிலும் முழங்கை தேய்த்துச் சாக்கு நூல் கிழிந்த இடங்கள். கம்பியைக் குழியோடு வைத்து அழுத்தி வளைத்தேன். அது அப்படியே அந்த உருவத்தில் நின்றது. நாகேஸ்வரி வாசலில் நின்று கிணற்றடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வீட்டுக்குள் களவெடுக்க வந்தவள் மாதிரி அவள் கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றாள்.

அந்த வளைவு நான் நினைத்தது இல்லை. எல்லாருக்கும் முதுகு கீழே உள்ளுக்குப் போய் மேலே வெளியே வரும். இவனுக்குத் தோள்பட்டைக்குக் கீழே இன்னுமொரு கூன் இருந்தது. மூச்சுக்கு எக்கி எக்கி வந்த கூன். கடைக் கதிரை அவனை ஏன் கொன்றது என்று தெரிந்தது.

பட்டறைக்கு வந்து வாச்சியால் கொத்தித் தடிப்பைக் குறைத்தேன். பிறகு இரண்டு பக்கமும் பிடி உள்ள கத்தியால் என் பக்கம் இழுத்து இழுத்துச் சீவினேன். வளைவின் உட்பக்கத்தில் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் கத்தி போகவேண்டும். பள்ளத்திலிருந்து ஏறினால் ரேகை கிளம்பிவிடும். கம்பியை வைத்துப் பார்ப்பேன், ஒரு இடத்தில் வெளிச்சம் தெரியும், கம்பி முட்டுகிற மற்ற இடத்தை அரத்தால் தேய்ப்பேன். வெளிச்சம் மறைய வேண்டும். கைச்சட்டங்களை வலம் இடமாக வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் தடவிப் பார்த்தேன். இடது சட்டத்தில் முழங்கை இருக்கிற இடம் ஒரு நூல் உயரமாகப் பட்டது. போத்தல் கண்ணாடித் துண்டால் சுரண்டிச் சுரண்டிச் சரியாக்கினேன்.

வேலை ஓடும்போது வீதியால் போகிறவர்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். "முடிஞ்சுதோ?" என்று கேட்டார்கள். எது முடிந்தது என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. முதுகுச் சட்டங்களையும் கைச்சட்டங்களையும் கால்களையும் பொருத்தி, குறுக்கே பிரம்பு பின்னி, பக்கீரின் வண்டியில் ஏற்றினேன். மூடாமல் கொண்டுபோ என்றேன். சனம் பார்க்கட்டும்.

அது பின்னேரம். கதிரையை நடுவீட்டில் இறக்கினோம். ஏரம்பு மூடையில் சாய்ந்தபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நாகேஸ்வரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

"அண்ணை இருக்கமாட்டார்" என்றான் வீரகத்தி. கதிரையை ஒருக்காச் சுற்றி வந்தான். "ஆனால் வேலை வடிவு ஆசாரியார்." உட்கார்ந்தான். காலை நீட்டினான். இரண்டு கையையும் சட்டங்களில் போட்டுத் தடவினான். "கொஞ்சம் முதுகில குத்துது. அது பழகிவிடும். கிடக்கட்டும், வீட்டில ஒரு கதிரை பிறகும் உதவும்தானே." கண்ணை மூடிக்கொண்டான்.

பக்கீர் என்னைப் பார்த்தான். மூலையில் இருந்த மூச்சுச் சத்தம் மாறியது.

"எழும்பு" என்றான் ஏரம்பு.

"என்ன அண்ணை?"

"எழும்படா. நான் இன்னும். சாகேல்லை."

வீரகத்தி எழும்பினான். ஏரம்பு மூடையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். நாகேஸ்வரி ஓடிவந்தாள். அவன் அவளைப் பார்த்த பார்வையில் அப்படியே நின்றுவிட்டாள். நான் தோளைக் கொடுத்தேன். என்னையும் அவன் நம்பவில்லை. ஆனால் பிடிக்க வேறு மரம் அங்கே இல்லை.

இருந்தான். முதலில் முதுகைப் போடவில்லை. கதிரை நுனியில் இருந்து என்னையே பார்த்தான். பிறகு களைத்துப்போய்ச் சாய்ந்தான். முழங்கைகள் இரண்டும் தாமாக இடம் பிடித்தன. கூன் போய்த் தன் பள்ளத்தில் பட்டது. நெஞ்சு மேலே வந்தது. அந்த வாள் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. வாய் திறந்தபடி, தலை ஒரு பக்கம் சரிந்து, அவன் நித்திரையாகிவிட்டான்.

வீரகத்தி சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போனான். பக்கீர் மாடு அவிழ்க்கப் போனான். நானும் கிளம்பினேன்.

"போகாதேங்கோ அண்ணை" என்றாள் நாகேஸ்வரி மெதுவாக. "அவர் கண் முழிக்கேக்க நான் தனிய இருக்கப் பயமாயிருக்கு."

நின்றேன். அவள் கதிரையின் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். அவனைத் தொடவில்லை. வெயில் சாய்ந்து படலையடிக்குப் போகும்வரைக்கும் அவன் அசையவில்லை. நடுவில் ஒருதரம் மூச்சு நின்ற மாதிரி இருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வந்தது.

கண் விழித்தபோது அவனுக்கு எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை. கைச்சட்டத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்த அவளையும் பார்த்தான். வீரகத்தியைக் கூப்பிடப் போகிறான் என்றுதான் நினைத்தேன்.

"அவளைத் தண்ணி கொண்டுவரச் சொல்லு" என்றான் என்னிடம். ஒரே மூச்சில் சொன்னான்.

நான் திரும்பி, "பிள்ளை, தண்ணி கேக்கிறார்" என்றேன்.

அவள் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் செம்புக்குள் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வாங்கிக் குடித்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வெறுஞ்செம்பை நீட்டி, "இன்னும் கொஞ்சம்" என்றான். அதையும் என்னிடம்தான் சொன்னான்.