வேலிக்குள் ஒரு கல்லறை

நொபுயேவின் மகள் நாஹோவை அடித்துக் கொன்றது அமெரிக்கப் படைத்தளத்து லாரி. பிள்ளையின் அஸ்தியை வைத்ததும் அதே தளத்துக்குள்தான். ஜப்பானின் ஒக்கினாவா தீவில் இது அதிசயமில்லை. உலகப்போர் முடிந்ததும் வயல்களைச் சுற்றி வேலி போட்டவர்கள், மலைச்சரிவுக் கல்லறைகளையும் சேர்த்தே வளைத்துக்கொண்டார்கள். வசந்தத்தில் கல்லறைத் திருநாளுக்கு மட்டும் சொந்தக்காரர்களை உள்ளே விடுவார்கள். மூடிய கல்லறைக்கு முன்னால் உட்கார்ந்து, செத்தவர்களோடு சாப்பிட்டுவிட்டு வரலாம். அவ்வளவு பெரிய மனசு அவர்களுக்கு.

விவாகரத்தாகி வந்தவளின் பிள்ளைக்குத் தாய்வீட்டுக் கல்லறையில் இடம் கிடையாது. வழக்கத்தை மீறி இடம் கொடுத்தவர் நொபுயேவின் அப்பா. அவரும் போய்விட்டார். இப்போது குடும்பத்துக்குப் பெரியவன் தம்பி கென்யூ, தளத்து வாசலில் காவலாளி. அதே வாசலில்தான் நொபுயே தளத்தை எதிர்த்துப் பதாகையோடு தினமும் உட்கார்ந்திருப்பாள்.

இந்த வருஷம் கென்யூ ஒரு சேதி கொண்டுவந்தான். கலாட்டாக்காரியை உள்ளே விடமாட்டார்களாம். எல்லோர் முன்னாலும் அதிகாரியிடம் தலை குனிந்து, இனி வாசலில் உட்காரமாட்டேன் என்று சொன்னால் விடுவார்களாம். நொபுயே அவனை வாய்க்கு வந்தபடி ஏசினாள். பிறகு பன்றி இறைச்சி வாங்கக் கடைக்குப் போனாள். பிள்ளை காத்திருக்குமே.

திருநாளன்று வாசலில் தலை குனிந்தாள். இத்தனை காலம் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் பகிர்ந்த கிகுயே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உள்ளே கென்யூவோடு துணைக்கு வந்த சிப்பாய்க்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. நொபுயே கல்லறை முன் பாயை விரித்து, இறைச்சியும் நாஹோவுக்குப் பிடித்த அரிசிப் பணியாரமும் வைத்து, ஊதுபத்தி ஏற்றினாள். அந்தப் பையன் மரியாதையாகவே கென்யூவிடம் ஆங்கிலத்தில் கேட்டான், ஓடுபாதைக்காகக் குளிர்காலத்திலேயே காலி செய்த கல்லறைக்கும் இப்படிப் படைப்பீர்களா என்று. கென்யூ கண் ஜாடை காட்டினான். அக்கா இளம் வயதில் இதே தளத்துச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்து ஆங்கிலம் பழகியவள் என்பது அந்த மடையனுக்கு மறந்துபோயிற்று.

"நாஹோ எங்கடா?"

"எல்லாரையும் ஊருக்குள்ள புதுக் கல்லறைக்கு மாத்தியாச்சுக்கா."

"நாஹோ எங்கன்னு கேட்டேன்."

"அவ வேற வம்சத்துப் பிள்ளை. நம்மளோட வெச்சா குடும்பத்துக்கு ஆகாதுன்னு குறி சொல்றவ சொல்லிட்டா. அவ அப்பனும் வேணாம்னுட்டான். கோயில் பொதுக்குழில கொட்டிட்டோம்."

"எடுத்துக் குடு."

"எப்படிக்கா? எல்லாரோட சாம்பலும் ஒண்ணாக் கலந்து கெடக்கு."

"அப்புறம் எதுக்குடா என்னத் தலை குனிய வெச்ச?"

கென்யூ தரையைப் பார்த்தான். "நீ வாசல விட்டுப் போனா என் மகனுக்கு உள்ள வேலை தர்றேன்னாங்க. கல்லறைய யாரு தெறந்து பாக்கப்போறான்னு நெனச்சேன்."

நொபுயே எழுந்திருக்கவில்லை. நேரமாகிவிட்டது என்று பையன் கெஞ்சிப் பார்த்தான். கடைசியில் தம்பி அவள் கைகளையும் பையன் கால்களையும் பிடித்துத் தூக்கிவந்து வாசலுக்கு வெளியே இறக்கிவிட்டார்கள். பணியாரம் பாயிலேயே கிடந்தது.

"விருந்து பலமோ?" என்றாள் கிகுயே.

நொபுயே தன் பழைய இடத்தில் உட்காரப் போனாள். யாரும் நகர்ந்து கொடுக்கவில்லை.